வைத்தியர் கைவிரித்த பின்னர்

பெரிய ஆஸ்பத்திரியொன்றின் வாட்டில் காலை நேரம். வைத்திய நிபுணர் தமது குழுவினருடன் கட்டில் கட்டிலாகப் பார்த்து வருகிறார். ஜன்னலோரக் கட்டிலை அடைந்ததும் அறிக்கைகளைப் புரட்டுகிறார். நோயாளியின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்க்கிறார். பின்னர் மூத்த மகனை விறாந்தைக்கு அழைத்து, "இனி எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியவர்களை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று தாழ்ந்த குரலில் கூறுகிறார். ஐந்து நிமிடத்தில் குழு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறது. மகன் விறாந்தைச் சுவரில் சாய்ந்து நிற்கிறார். உள்ளே, கட்டிலருகில் எஞ்சியிருப்பவர் யார்? தாதிதான்.

"ஒன்றுமில்லை" என்பது வைத்தியரின் கணக்கில் சரியாக இருக்கலாம். சத்திரசிகிச்சை செய்ய வழியில்லை. மாற்றிப் பார்க்க வேறு மருந்துமில்லை. ஆனால் தாதியின் கணக்கு வேறு. அந்தக் காலைக்குப் பிறகுதான் அவருக்கு வேலை கூடுகிறது.

தாதியென்றால் வைத்தியர் எழுதியதைக் கொடுப்பவர், ஊசி போடுபவர், பார்வையாளர் நேரம் முடிந்ததும் நம்மை வெளியே போகச் சொல்பவர் என்றுதான் நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அத்தொழிலின் முன்னோடிகள் அப்படி எண்ணவில்லை. அமெரிக்கத் தாதியான வெர்ஜீனியா ஹென்டர்சன், தாதியின் பணி இன்னதென்று வரையறுத்தபோது, ஒருவருக்குப் பலம் இருந்தால் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை அவருக்குச் செய்துகொடுத்து, அவர் சுகமடையவோ அன்றேல் அமைதியாக மரணிக்கவோ உதவுவதே அது என்ற கருத்தை முன்வைத்தார். அமைதியான மரணத்தையும் அந்த வரையறைக்குள்ளேயே அவர் சேர்த்துவிட்டதைக் கவனியுங்கள். சர்வதேசத் தாதியர் பேரவை 1953 ஆம் ஆண்டு தனது ஒழுக்கக் கோவையை முதன்முதலாக ஏற்றுக்கொண்டது. பல முறை திருத்தப்பட்ட அக்கோவையின் 2021 ஆம் ஆண்டுப் பதிப்பு, தாதியரின் அடிப்படைப் பொறுப்புகள் நான்கு என்கிறது. சுகத்தை வளர்ப்பதும், நோயைத் தடுப்பதும், இழந்த சுகத்தை மீட்பதும் முதல் மூன்று. துன்பத்தைத் தணித்து, கண்ணியமான மரணத்துக்கு வழிசெய்வது நான்காவது. அதாவது, பிழைக்க மாட்டாதவரைப் பராமரிப்பது நேரம் கிடைத்தால் செய்யும் உபகாரமல்ல, கடமையின் காற்பங்கு.

திரைக்குப் பின்னால் நடப்பது

அந்தக் கடமை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கிடந்த கிடையாகிவிட்ட உடம்பை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தவறினால் முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். வாயால் மூச்சு விடுபவரின் நாக்கு மரத்துண்டுபோலக் காய்ந்து வெடிக்கும். அதை ஈரப் பஞ்சினால் துடைத்து, உதட்டுக்குப் பூச்சுப் பூச வேண்டும். நனைந்த விரிப்பை, ஆளை நோவிக்காமல் மாற்ற வேண்டும். தொண்டையில் சளி கரகரக்கும்போது தலையைச் சற்று உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

இவற்றை எவரும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் எப்படிச் செய்கிறார் என்பதில்தான் தாதியின் தரம் தெரியும். நினைவில்லாமல் கிடக்கும் மூதாட்டியைத் துடைக்க வரும் நல்ல தாதி, முதலில் திரைச்சீலையை இழுத்து மூடுவார். "உம்மா, இப்போது உங்களைத் திருப்பப் போகிறேன்" என்று சொல்லிவிட்டே கையை வைப்பார். கழுவும் பகுதியை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்தியிருப்பார். நாம் அவ்ரத்தைப் பேணுதல் என்று சொல்வதை அவர்களது பாடநூல் நோயாளியின் கண்ணியம் என்கிறது. உணர்வற்றுக் கிடப்பவருக்கும் அந்தக் கண்ணியம் குறைவதில்லை என்பதே அங்குள்ள பாடம்.

அப்படியானால் எல்லா வாட்டுகளிலும் இப்படித்தான் நடக்கிறதா? இல்லை. லண்டனிலுள்ள ஒரு போதனா வைத்தியசாலையை 1950 களின் பிற்பகுதியில் ஆராய்ந்த இஸபெல் மென்சீஸ் என்ற உளவியல் ஆய்வாளர், தாதியர் நோயாளிகளைப் பெயர் சொல்லாமல் கட்டில் இலக்கத்தாலும் பழுதான உறுப்பாலும் குறிப்பிடுவதைக் கண்டார். பத்தாம் கட்டில் ஈரல், பதினைந்தாம் கட்டில் நியுமோனியா என்ற தோரணையில்! வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு தாதி ஒரு நோயாளியுடன் நீண்ட நேரம் இருக்க முடியாதவாறு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. இது அவர்களது கல்நெஞ்சம் அல்ல, நோயும் மரணமும் தரும் மன அழுத்தத்திலிருந்து தப்புவதற்கு ஆஸ்பத்திரியே கட்டிக்கொண்ட வேலி என்று அவர் விளக்கினார். அமெரிக்காவில் லோரன்ஸ் லெஷான் என்ற உளவியலாளர் மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கெடுத்தார். நோயாளி மணியடித்து அழைத்தால் தாதி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது? மரணத்தை நெருங்கியவர்களின் அழைப்புக்கே தாதியர் அதிக நேரம் எடுத்துக்கொண்டனர். முடிவைக் கேட்ட தாதியர் திகைத்துப் போனார்களாம். தாம் தாமதிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதைப் படித்து அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நமது வீடுகளில் சக்கராத்து ஹாலில் இருப்பவரின் அறைக்குள் நுழையத் தயங்கி வாசலில் நின்றே விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! அந்தத் தயக்கத்தை ஒவ்வொரு கடமை நேரத்திலும் வெல்ல வேண்டியவர் தாதி.

வலியை அளந்த பெண்

மரணத் தறுவாயிலுள்ளோரின் பராமரிப்பு இன்று தனியொரு துறையாகியிருக்கிறதென்றால் அதற்குக் காரணமானோரில் முதலிடம் சிசிலி சோன்டர்ஸ் அம்மையாருக்குரியது. 1918 இல் பிறந்த அவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் தாதியாகப் பயின்றவர். முதுகு வலியால் அத்தொழிலைத் தொடர இயலாமற்போக, வைத்தியசாலைச் சமூக சேவையாளரானார். புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் தஸ்மா என்ற போலந்து நாட்டு யூதரை அப்போது சந்தித்தார். இறப்பவர்களுக்கென ஓர் இல்லம் வேண்டும் என்ற பேச்சு அவ்விருவருக்கும் இடையிலேதான் எழுந்தது. 1948 இல் இறந்த தஸ்மா 500 பவுணை அம்மையாருக்கு விட்டுச் சென்றார். மாலை வேளைகளில் லண்டனிலுள்ள புனித லூக்கா இல்லத்தில் தொண்டராகப் பணியாற்றியபோது அம்மையார் ஒன்றைக் கண்டார். ஏனைய ஆஸ்பத்திரிகளில் நோயாளி வலியால் துடித்துக் கேட்ட பின்னரே மருந்து கொடுக்கப்பட்டது. இங்கோ தாதியர் மணிக்கணக்குப் பார்த்து, வலி திரும்பி வருமுன்னரே அடுத்த வேளை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தனர். நோயாளர் தெளிவாகவும் அமைதியாகவும் இருந்தனர். இதை வைத்திய உலகம் ஏற்க வேண்டுமானால் தாமே வைத்தியராக வேண்டும் என்று கண்டு, மருத்துவம் படித்து, 1957 இல் வைத்தியரானார். 1967 இல் தென் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். 2005 இல் அதே இல்லத்திலேயே காலமானார்.

உடம்பின் நோவு மாத்திரம் வலியல்ல. மனத்தின் பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, இறைவனைப் பற்றிய கேள்விகள் எல்லாம் சேர்ந்ததே வலி என்று அவர் போதித்தார். கடன்காரனை நினைத்துத் தூங்காதிருப்பவருக்கு ஊசியின் அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை என்பதை ஒரு தாதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து அதைக் காண்பவர் அவர்தானே.

இங்கே மோர்பின் பற்றிச் சொல்லியாக வேண்டும். "மோர்பின் தொடங்கிவிட்டார்களா? அப்படியானால் முடிந்தது" என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. போதைப் பழக்கம் வந்துவிடும் என்று சிலர், உயிரை முந்திப் பறித்துவிடும் என்று வேறு சிலர். புற்றுநோய் வலிக்கு மோர்பின் வகை மருந்துகளைப் படிப்படியாக, வாய்வழியாக, நேரம் தவறாமல் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே வெளியிட்டுவிட்டது. வலிக்கு ஏற்ப அளந்து கூட்டப்படும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கலை உண்டாக்கும், ஆகவே கூடவே அதற்கும் மருந்து தருவார்கள். முதற் சில நாட்களில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். வலியை அடக்குவது வேறு, உயிரைப் போக்குவது வேறு. பூட்டிய அலுமாரியிலிருந்து அம்மருந்தை எடுத்து, பதிவேட்டில் ஒப்பமிட்டுக் கொடுக்கும் தாதிக்கு அந்த வேறுபாடு நன்கு தெரியும். குடும்பத்தவர் தடுத்ததால் மருந்தின்றி நோயாளி அலறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குக் கொடுமை.

"மிஸ், நான் பிழைப்பேனா?"

ஆனால் தாதியை உண்மையிலேயே தர்மசங்கடத்தில் ஆழ்த்துவது வலி அல்ல, நாம்தான். வைத்தியர் விறாந்தையில் சொன்னதை நாம் வாட்டுக்குள் கொண்டுபோவதில்லை. "வாப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள், மனமுடைந்து போவார்" என்று தாதியிடம் கெஞ்சுகிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்று, "ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு, கிழமை முடியிறதுக்குள்ள வீட்டுக்குப் போகலாம்" என்கிறோம். வாப்பாவும் தலையசைக்கிறார். இரவானதும், பிள்ளைகள் போன பிறகு, மருந்து கொடுக்க வந்த தாதியிடம் கேட்கிறார்: "மிஸ், நான் பிழைப்பேனா?"

பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ரோஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ பகுதி ஆஸ்பத்திரிகளில் தங்கியிருந்து ஆராய்ந்து 1965 இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். மரணத்தை நெருங்கியவரைச் சூழ்ந்து நான்கு விதமான நிலைகளை அவர்கள் கண்டனர். நோயாளிக்கு மட்டும் தெரியாதிருப்பது ஒன்று. அவர் சந்தேகித்து உளவறிய முயல்வது இன்னொன்று. எல்லோருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் எல்லோரும் நடிப்பது மூன்றாவது. வெளிப்படையாகப் பேசிக்கொள்வது கடைசி. நமது குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது மூன்றாவதுதான். வாப்பாவுக்குத் தெரியும். பிள்ளைகள் அழுவார்களே என்று அவர் நடிக்கிறார். அவர் உடைந்துபோவாரே என்று பிள்ளைகள் நடிக்கிறார்கள். இரு தரப்பும் அன்பினால் செய்யும் இந்த நடிப்பில் இரு தரப்புமே தனித்துப் போகின்றன.

தேர்ந்த தாதி அக்கேள்விக்கு "ஓம்" என்றும் சொல்ல மாட்டார், "இல்லை" என்றும் சொல்ல மாட்டார். நோயின் நிலையை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், "சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைத்துவிட்டும் போக மாட்டார். கட்டிலருகே உட்காருவார். "ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்? உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்பார். உட்காருவது சிறு விடயம்போலத் தோன்றலாம். நின்றுகொண்டு கேட்பவரிடம் எவரும் மனந்திறப்பதில்லை. அதன் பின் நோயாளி பேசுவதில்தான் அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பது புலப்படும். சிலர் எல்லாவற்றையும் அறிய விரும்புவர். சிலர், "டாக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள், எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்பர். அறியாதிருக்க விரும்புபவரின் மீது உண்மையைத் திணிப்பதும் கண்ணியமல்ல. தாம் கேட்டதைத் தாதி வைத்தியருக்கு அறிவிப்பார். காலையில் குடும்பத்தாரிடமும், "நான் முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்கும்போது பொய்யும் சொல்ல மாட்டேன். அவர் உங்களிடம் பேசக் காத்திருக்கிறார்" என்பார்.

இந்த விடயத்தில் தாதியின் பக்கமே நியாயமிருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு முஸ்லிம் குடும்பத்தில் இதற்குக் கூடுதலான காரணமும் உண்டு. கொடுக்கல் வாங்கல், எழுதப்படாத கடன், தங்கையின் பங்கு, மனைவிக்குக் கொடுபடாத மஹர், வாரிசல்லாத ஒருவருக்கு மூன்றிலொன்றுக்குள் செய்ய நினைத்த வஸிய்யத்து, பல வருடங்களாகப் பேசாதிருக்கும் சகோதரனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு — இவற்றுக்கெல்லாம் ஒரு மனிதருக்குத் தெளிந்த புத்தியோடு சில நாட்கள் வேண்டும். "அடுத்த கிழமை வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி அந்த நாட்களைப் பறித்துக்கொள்ள மகனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நமது நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கொழும்பிலும் தெற்கிலும் உள்ள வாட்டுகளில் தாதியர் அநேகர் சிங்களம் பேசுபவர்கள். நோயாளிக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கும். மொழிபெயர்ப்பவர் மகன். அவர் மறைக்க விரும்புவதை மொழிபெயர்ப்பில் மறைத்துவிடுவார்! நோயாளியின் கேள்வி தாதியைப் போய்ச் சேராது. குறைந்தபட்சம் வலி, தண்ணீர், மூச்சு, குளிர், திருப்பிவிடுங்கள் என்ற சில சொற்களையாவது இரு மொழிகளிலும் ஒரு தாளில் எழுதிக் கட்டில் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். எந்தத் தாதியும் அதற்கு நன்றி சொல்வார்.

ஸம்ஸம் நீரும் பஞ்சும்

கடைசி நாட்களில் உணவு குறையும், பின் நின்றுவிடும். "பட்டினி போட்டுக் கொல்கிறார்கள்" என்று குடும்பம் கொதிக்கும். சேலைன் ஏற்றச் சொல்லி வற்புறுத்தும். மரணத்தை நெருங்கும் உடம்பு உணவைக் கேட்பதுமில்லை, ஏற்பதுமில்லை. அந்த வேளையில் ஏற்றும் நீர் சிலருக்குக் கைகால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டிவிடும். உண்ணாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் உண்ணவில்லை.

ஸம்ஸம் நீரைக் கரண்டியால் வாயில் ஊற்றும்போது தாதி ஓடிவந்து தடுத்தால் நமக்குக் கோபம் வருகிறது. மார்க்கத்தைத் தடுக்கிறார் என்று பேசுவாரும் உளர். விழுங்கும் சக்தி போய்விட்டவரின் வாயில் ஊற்றும் நீர் சுவாசக் குழாய்க்குள் இறங்கித் திணறடிக்கும். அவர் தடுப்பது அதைத்தான். அதே ஸம்ஸமில் பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்குங்கள் என்று அவரே காட்டித் தருவார். அது நோயாளிக்கும் ஆறுதல், நமது ஆசையும் நிறைவேறும்.

நினைவு தப்பியவரின் காதில் கலிமாவை மெல்ல ஓதிக்கொண்டிருப்பது நமது வழக்கம். தாதியரும் இறுதிவரை நோயாளியுடன் பேசும்படியே பயிற்றப்படுகிறார்கள். கனடாவின் வான்கூவர் நகரில், மரணத்துக்குச் சில மணித்தியாலங்கள் மட்டுமே இருந்த, எதற்கும் அசையாத நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். அவர்களிற் சிலரது மூளை ஒலிகளுக்குப் பதிலளித்தமை 2020 இல் வெளியான அவ்வாய்வில் தெரியவந்தது. விளங்கிக்கொண்டார்களா என்பதை அலைகள் சொல்லா. ஆயினும் கட்டிலைச் சுற்றி நின்று ஜனாஸாச் செலவையும் காணிப் பங்கையும் பேசுவோர் இதை மனதிற்கொள்வது நல்லது.

தனித்து விடப்படாமையும் ஒரு மருந்துதான். ஹிஜ்ரி 5 இல் அகழ் யுத்தத்தில் படுகாயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருபைதா (ரழி) என்ற பெண்மணி காயப்பட்டோரைப் பராமரித்த கூடாரத்தில் கிடத்தப்பட்டார்கள். அருகிலிருந்து அடிக்கடி பார்த்துவரலாம் என்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தார்கள். அக்காயத்தினாலேயே ஸஅத் (ரழி) அவர்கள் பின்னர் வபாத்தானார்கள்.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா வாட்டுகளில் குடும்பத்தவர் எவருக்கும் இடமிருக்கவில்லை. ஜனாஸாக்களை எரிக்க வேண்டுமென்ற கட்டாயத் தகனமும் 2021 பெப்ரவரி இறுதி வரை நீடித்தது. உடம்புக்கு என்ன நேருமோ என்ற அச்சத்தோடு நம்மவர் பலர் கண்மூடியபோது அருகிலிருந்த ஒரே மனிதர், முகமே தெரியாத பாதுகாப்பு உடைக்குள் இருந்த ஒரு தாதிதான். அந்த நாட்கள் அத்தாதியருக்குள் எதை விட்டுச் சென்றன என்பதை நாம் இதுவரை விசாரித்ததில்லை.

சரியானது எதுவென்று தெரிந்தும் செய்ய முடியாமற் போகும்போது ஏற்படும் வேதனைக்கு, தாதியர் ஒழுக்கவியல் பற்றி எழுதிய அன்ட்ரூ ஜேம்டன் 1984 இல் ஒழுக்க வேதனை என்று பெயரிட்டார். பயனில்லை எனத் தெரிந்த சிகிச்சையைக் கட்டளைப்படி தொடர்ந்து செய்வதும், வாட்டு நிறைய நோயாளர் இருக்க ஓரிருவர் மட்டும் இரவுக் கடமையில் நின்று, இறப்பவருடன் உட்கார நேரமில்லாமல் ஓடுவதும் அத்தகையனவே. அதிகப் பற்றுள்ள தாதியையே இது அதிகம் வாட்டுகிறது.

துண்டு வெட்டிய பிறகு

"வீட்டிலேயே மவ்த்தாகட்டும்" என்று துண்டு வெட்டி அழைத்துச் செல்வது நம்மிடையே சாதாரணம். நல்ல எண்ணந்தான். ஆனால் வலி மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது, முடிந்தால் எங்கே பெறுவது, சிறுநீர்க் குழாயை யார் மாற்றுவது, நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது? இவற்றைத் தாதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வாகனத்தில் ஏற்றிவிட்டால், வீட்டில் முதலாவது இரவே நரகமாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இத்தகைய ஆதரவுப் பராமரிப்பு தேவைப்படுகிறது. கிடைப்பதோ அவர்களில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கு மாத்திரமே.

வழியில்லாமலில்லை. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993 இல் வைத்தியர்கள் சிலர் தொடங்கிய வலி தணிப்பு அமைப்பு, முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. பயிற்சி பெற்ற தாதி ஊர்த் தொண்டர்களுடன் வீடு வீடாகச் சென்று புண்ணைக் கழுவி, மருந்தைச் சரிபார்த்து, வீட்டாருக்கும் பழக்கிவிட்டு வருவார். செலவை ஊரே ஏற்கும். 2008 இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. இலங்கையில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையை அண்டி சாந்த செவன இல்லம் இயங்கிவருகிறது. சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரையான தேசியத் திட்டச் சட்டகமொன்றை வகுத்தது. ஜனாஸாச் சங்கம் இல்லாத முஸ்லிம் ஊர் நம் நாட்டில் அரிது. கபனும் சந்தூக்கும் வைத்திருக்கும் அச்சங்கங்கள், இன்னும் உயிரோடிருப்பவருக்கென ஒரு காற்று மெத்தையும், வாரமொருமுறை வந்துபோக ஓய்வுபெற்ற ஒரு தாதியையும் ஒழுங்கு செய்வது அவ்வளவு கடினமா?

உயிர் பிரிந்த பின்னரும் தாதியின் வேலை சற்று நேரம் தொடர்கிறது. குழாய்களை அகற்றுவார், கண்களை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்குவார். நாம் விரைந்து நல்லடக்கம் செய்பவர்கள் என்பதை அறிந்த தாதி, வைத்தியரை அழைத்து மரணத்தை உறுதிப்படுத்தி, கடதாசி வேலைகளை முடுக்கிவிடுவார். அந்த அவசரத்தில் நாம் ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறோம். கடைசி மணித்தியாலங்களில் அவர் என்ன பேசினார், யாரைத் தேடினார், நோவில்லாமல் இருந்தாரா என்பதெல்லாம் அருகிலிருந்த தாதிக்குத்தான் தெரியும். இரவுக் கடமை காலை ஏழு மணிக்கு முடிந்துவிடும். அவர் வீட்டுக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.